வெறும் ‘குட்’

1

அன்றைக்கு எருமப்பட்டியில் பொன்னுசாமி வீட்டு வாசலில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் தகப்பனார் பொன்னுசாமி. கதவுக்குப் பின்னால் அவர் மனைவி. அவருக்கும் பின்னால் பெண் பாவாயி. அவளை நான் பார்க்கவில்லை, வளையல் சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். எங்கள் பக்கம் என் அம்மா, என் பெரியப்பா நாச்சிமுத்து, நான். இரண்டு பக்கத்திலும் சேராமல், நாமக்கல்லில் தோல் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர். ஆக ஏழு பேர். பிற்பாடு பேச்சு மாறினால் சாட்சி வேண்டுமே என்று அப்போதே எண்ணி மனத்தில் வைத்துக்கொண்டேன். என் சுபாவம் அப்படி.

எங்கள் ஊர் சேந்தமங்கலம். மலாய் நாட்டில் பேராக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, ஆறு மாத லீவில் பெண் பார்க்க வந்திருந்தேன். அந்த நாளில் அக்கரையிலிருந்து வந்தவனுக்குப் பெண் கொடுக்க எங்கள் பக்கத்தில் யோசிப்பார்கள். அதற்கு முந்தின வருஷம் ஒருவன் மோதிரமும் கடிகாரச் சங்கிலியுமாக வந்து கல்யாணம் செய்துகொண்டு போனான். அவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பமும் மூன்று குழந்தைகளும் இருந்தது பின்னால் தெரிந்தது. அதனால் பெண் வீட்டார் ஜாதகத்தோடு துரை கொடுத்த சர்டிபிகேட்டையும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒருவரை நடுவில் உட்காரவைத்து, அவர் வாசித்துச் சொன்ன பிறகுதான் வெற்றிலை மாற்றுவது. தோட்டத்துக் காகிதம் வேலைக்காக எழுதியது, அதில் ஒருவன் குடும்பம் நடத்தும் லட்சணம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் காகிதத்தில் நல்ல சொல்தான் இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் பெயர் எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் ‘குட்’ என்ற சொல் தெரியும். துரை ரப்பர்க் கட்டியைப் பார்த்துச் சொல்வார், மழை நின்றால் சொல்வார், நாய்க்கும் சொல்வார். இங்கிலீஷில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த சொற்கள் நாலைந்து. அதில் அது ஒன்று.

2

இதெல்லாம் இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம் என் மகள் சரசு. வயது பத்து. நாங்கள் இப்போது இருக்கும் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏறி, டவுனில் பாதிரிமார் நடத்தும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். தகப்பன் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். கணக்குக்கு ஒரு எண், பாடத்துக்கு ஒரு எண். கடைசியில் ‘நடத்தை’ என்ற இடத்தில் மையில் எழுதியிருந்தது: குட்.

பேனாவை எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டேன். அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றாள். அதிலும் குட்தானா, பார்த்துவிட்டு வா என்றேன். அவள் மலாய்க்காரர்கள் ‘பரவாயில்லை’ என்பதற்குச் சொல்வார்களே, அந்தத் ‘தாப்பா’வைச் சொல்லிவிட்டு அட்டையை நீட்டினாள். என் மகள் என்னிடம் தமிழில் கேள்வி கேட்பாள், இங்கிலீஷில் படிப்பாள், அலட்சியத்தை மட்டும் மலாயில் காட்டுவாள்.

பாவாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இந்த மாசியோடு எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அவள் எதற்குச் சிரித்தாள் என்று ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

3

அன்றைக்கு எருமப்பட்டியில் ராவுத்தர் என் காகிதத்தை வெயிலுக்கு நேரே பிடித்து முதலில் முத்திரையைப் பார்த்தார். பிறகு வாசித்தார். “ஆறு வருஷம் வேலை செஞ்சிருக்காரு. லீவுல போறாரு. நடத்தை குட்.”

“குட்டுன்னா என்னுங்க?” என்றார் பொன்னுசாமி.

“நல்லதுன்னு அர்த்தம்.”

என் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தாம்பாளத்தின் பக்கம் கையை நீட்டினார். “அப்பறம் என்னுங்க. வெத்தலைய மாத்திக்கலாமுங்க.”

ராவுத்தர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்காமல் முழங்காலில் வைத்து நீவினார். “இருங்க நாச்சிமுத்து. தெரிஞ்சத மறைக்கக் கூடாது. எங்க மண்டித் தோலுக்குப் பட்டணத்துக் கம்பெனியில இருந்து காயிதம் வரும். மொதத் தரத்துக்கு வெரி குட்டுன்னு போடுவான். வெறும் குட்டுன்னு போட்டா அது ரெண்டாந்தரமுங்க. எங்கியாவது கத்தி பட்டிருக்கும், இல்லாட்டி உண்ணி கடிச்சிருக்கும். வித்துப்போகும். ஆனா வெலையக் கொறச்சுக்குவான்.”

பொன்னுசாமி என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார். “மாப்பளைக்கு எங்கீங்க கத்தி பட்டிருக்குது?”

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. தோலையும் ஆளையும் ஒன்றாகப் பேசுவதா என்று எழுந்து துண்டை உதறினார். என் அம்மா அவர் வேட்டி நுனியைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்கு என் வயதைப் பற்றிய கவலை. இருபத்தெட்டு முடிந்திருந்தது, இந்த லீவு போனால் அடுத்த லீவுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம்.

ராவுத்தர் என் மேல் விரோதமாகப் பேசவில்லை, அதைச் சொல்லவேண்டும். துரைமார் வழக்கம் அது, வெளுத்தவன் ஒருவனைப் பற்றிக் கெட்டதாக எழுதமாட்டான், ஒரு சொல்லைக் குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வான், வாங்கிப் படிக்கிற இன்னொரு வெளுத்தவனுக்கு அது புரியும் என்று விளக்கினார். இரண்டு மாதமாக அந்தக் காகிதத்தைத் தகரப் பெட்டியில் மேலாக வைத்திருந்தேன். கப்பலில் இரண்டு பேருக்கு நானாகவே எடுத்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களோ என்று அப்போது யோசனை போயிற்று.

கடைசியில் பொன்னுசாமி ஒரு வார்த்தை சொன்னார். துரைக்கே எழுதிக் கேட்போம், சொல் தவறி விட்டுப்போயிருந்தால் எழுதி அனுப்பட்டும், அதுவரைக்கும் வெற்றிலை தட்டிலேயே இருக்கட்டும் என்றார். ராவுத்தர் அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினார். கார்த்திகை மாதம் அது. மார்கழியில் எப்படியும் கல்யாணம் ஆகாது, காத்திருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். நான் மனசுக்குள் நாள் எண்ணினேன். பங்குனிக்குள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறாவிட்டால் என் வேலையில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

4

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து என்னோடு அதே கப்பலில் லீவுக்கு வந்த கந்தன் சேலத்தில் அம்மாபேட்டையில் இருந்தான். தறிக்காரர் வீட்டுப் பையன். மோட்டார் பிடித்துப் போய் அவன் காகிதத்தைக் காட்டச் சொன்னேன். தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து, சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். வெரி குட்.

இந்தக் கந்தன் விடிகாலைப் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணி நிறுத்தும் இடத்துக்கு, வாரத்தில் இரண்டு நாள் வரவேமாட்டான். கங்காணி கூலிகள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குள் போய் இழுத்துக்கொண்டு வருவார். அவனுக்கு வெரி குட்.

“எப்படிறா?” என்றேன்.

“கெளம்பறப்ப கிராணிக்கு ஒரு சரிகை வேட்டி குடுத்தனுங்கண்ணா. எங்க தறியில ஓட்டுனது. நீங்க ஒண்ணும் குடுக்கலீங்களா?”

கிராணி என்பவர் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. காகிதங்களை மிஷினில் அடிப்பது அவர்தான்; துரை கையெழுத்து மட்டும் போடுவார். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்கவேண்டும் என்றே தெரியாது. திரும்பி வரும் மோட்டாரில் ராசிபுரம் தாண்டும் வரைக்கும் அந்தக் கிராணியை மனசுக்குள் வைதுகொண்டு வந்தேன். ஒரு வேட்டிக்காக ஒரு சொல்லை விழுங்கிவிட்டான், அதனால் எனக்கு ஒரு பெண் இல்லாமல் போகப்போகிறது என்று.

ஆனால் வைது முடித்ததும் இன்னொரு பயம் வந்தது. அது முதலிலிருந்தே உள்ளே இருந்த பயம்.

எனக்குத் தோட்டத்தில் செக்ரோல் எழுதும் வேலை. செக்ரோல் என்பது அன்றைக்கு யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று பேர் போடும் புத்தகம். பேர் விழுந்தால் அன்றைய கூலி உண்டு, விழாவிட்டால் இல்லை. லீவுக்கு முந்தின வருஷம் ஆத்தூர்ப் பக்கத்து மாரி என்பவன் மலைக்காய்ச்சலில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் இடமில்லை என்று லயத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அவனுக்குப் பெண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. கூலி போனால் கடையில் அரிசி கொடுக்கமாட்டான். பதினொரு நாள் அவன் பேரை நான் போட்டேன். வராதவனை வந்தவன் என்று எழுதினேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ துரை லயத்துப் பக்கம் நடந்து வந்தார். மாரி வாசலில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். துரை நின்று பார்த்தார். அன்று மாலை ஆபீசில் செக்ரோலை வாங்கிப் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். கேட்காமல் விட்டதால் அது என் கூடவே வந்தது. அவருக்குத் தமிழ்ப் பேர்கள் அடையாளம் தெரியாது என்று ஒரு நாள் தேற்றிக்கொள்வேன். எல்லாம் தெரியும், சமயம் பார்க்கிறார் என்று மறுநாள் தோன்றும்.

ஆகவே தபால் போன பிறகு எனக்கு இரண்டு விதமாகவும் பதில் வேண்டியிருந்தது. பதில் வரவேண்டும், வரவே கூடாது.

5

சரசுவின் பள்ளிக்கூடத்துக்கு நான் நேரிலேயே போய்விட்டேன். பாவாயி வேண்டாம் என்றாள். கேட்கவில்லை. அரை நாள் சம்பளம் போயிற்று. வாசலில் ஒரு புத்தகத்தில் பேர் எழுதச் சொன்னார்கள், எதற்கு வந்தீர் என்பதற்கு ஒரு கட்டம், பிள்ளையின் வகுப்புக்கு ஒரு கட்டம். முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மிஸ் வந்தார். சட்டைக்காரப் பெண், அதாவது பாதி வெள்ளைக்காரி, சின்ன வயது. எனக்குத் தெரிந்த மலாயும் இங்கிலீஷும் கலந்து, என் மகள் என்ன தப்பு செய்தாள், மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அட்டையைக் காட்டி, இதற்கு மேலே ஒரு சொல் உண்டே, அது எங்கே என்று கேட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கி உள்ளே போய் ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பினார். குட், குட், குட். வகுப்பு முழுவதும் ஒரே சொல்தான். அவர் அதற்கு மேல் யாருக்கும் போடுவதில்லையாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதற்கு மேல் என்ன நடத்தை வேண்டியிருக்கிறது என்று திருப்பிக் கேட்டார்.

எனக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. எல்லாருக்கும் ஒன்றையே எழுதுகிறவர் என் பிள்ளையைப் பார்த்தாரா இல்லையா என்று வேறு கவலை பிடித்துக்கொண்டது.

தோட்டத்துக்கு வரும் வரைக்கும் சரசு லாரியில் என் பக்கத்தில் உட்காரவில்லை. தகப்பன் வேட்டி கட்டிக்கொண்டு வந்து ‘மேலே ஒரு சொல்’ கேட்டதை வகுப்பே ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்ததாம். “நீங்க எதுக்குப்பா வந்தீங்க” என்று மட்டும் கேட்டாள். ஏன் வந்தேன் என்று சொல்ல எருமப்பட்டியிலிருந்து தொடங்கவேண்டும். அவள் எருமப்பட்டியைப் பார்த்ததில்லை.

6

தை மாதம் இருபதாம் தேதிக்குமேல் பதில் வந்தது. ராவுத்தர் உறையைப் பிரிக்காமலே எருமப்பட்டிக்கு எடுத்து வந்தார். அதில் மட்டும் அவர் மேல் எனக்குக் கடைசி வரை சந்தேகம் வரவில்லை. முன்போலவே ஏழு பேரும் இருந்தோம். நகத்தால் கிழித்து, மனசுக்குள் ஒரு முறை வாசித்துவிட்டு, அவர் என்னைப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“நாலே வரிதானுங்க தொரை எளுதியிருக்கறது. இவரு ஒழுங்கா வேலை செஞ்ச ஆளு. சொல்லு தவறி உட்டுப்போகல. நாந்தான் உட்டேன். ஏன் உட்டேங்கிறது அவருக்குத் தெரியும்.”

பெரியப்பா என் முகத்தைப் பார்க்காமல் தாம்பாளத்தைப் பார்த்தார்.

“தெரியுங்களா மாப்பளை?” என்றார் பொன்னுசாமி.

கிராணிக்கு வேட்டி கொடுக்காத கதையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அம்மாபேட்டையில் அதற்குச் சாட்சியும் இருந்தது. ஆனால் துரையின் கையெழுத்து ராவுத்தர் முழங்காலில் இருந்தது. “தெரியுங்க” என்றேன். மாரியைச் சொன்னேன். பதினொரு நாளையும் சொன்னேன்.

“அந்த மாரி உங்களுக்குச் சொந்தமுங்களா?”

“இல்லீங்க.”

“ஒரே ஊருங்களா?”

“ஆத்தூர்ப் பக்கமுங்க. அங்க போய்த்தான் பழக்கம்.”

“ஏதாவது குடுத்தானுங்களா?”

“அவங்கிட்ட என்னுங்க இருக்குது?”

பொன்னுசாமி தாடையைத் தடவினார். “இது எனக்குச் சரிப்படலீங்களே. ஆதாயத்துக்குப் பொய் எளுதறவன எனக்குப் புரியும். ஒண்ணுமே இல்லாம எளுதற ஆள நம்பி எப்படீங்க பொண்ணக் குடுக்கறது? நாளைக்கி ரோட்டுல போறவன் கேட்டான்னு ஊட்டையும் எளுதி வெச்சுருவாரு.”

என் அம்மா எழுந்துவிட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, போகலாம் வா என்பதுபோல என் தோளைத் தொட்டாள்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பொன்னுசாமியின் மனைவி கேட்டார். இரண்டு தடவையும் சேர்த்து அந்த அம்மாள் வாய் திறந்தது அது ஒன்றுதான்.

“அந்தச் சீக்காளி பொழச்சானா சாமி?”

“பொழச்சுட்டானுங்க. நான் கப்பலேறயில கொழந்தையத் தூக்கிட்டு வந்து நின்னானுங்க.”

உள்ளே என்னவோ பேச்சு நடந்தது. தாயும் மகளும் பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. பொன்னுசாமியைக் கூப்பிட்டார்கள். போனார். திரும்பி வரும்போது முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. சந்தையில் மாட்டைப் பல் பார்த்துவிட்டு நிற்கிறவர் முகம்தான்.

“சேரி. வெத்தலைய எடுங்க” என்றார். “ஆனா சீர்ப்பணம் நூத்தியம்பது பேசியிருக்குதுங்க. அதுல பாதி இப்ப. மீதி, அந்த வெரி வந்ததுக்கப்பறம். ராவுத்தர் சொன்னாப்பல, குட்டுக்கு வெலையக் கொறைக்கறது மொறைதானுங்களே.”

ராவுத்தர் சிரித்துவிட்டார். பெரியப்பாகூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மீதியைத் தராமல் இருக்க முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாரோ என்று எனக்கு அப்போதே ஒரு நினைப்பு. அந்த நினைப்பை இன்னும் முழுக்க விடவில்லை.

மாசியில் கல்யாணம் நடந்தது. பங்குனியில் இரண்டு பேராகக் கப்பல் ஏறினோம். கப்பலில் மூன்றாம் நாள், தலைசுற்றல் தெளிந்த பிறகு, உள்ளே அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று பாவாயியைக் கேட்டேன்.

“ஊரான் பொண்டாட்டிக்கே கஞ்சி ஊத்தின ஆளு, எனக்கு ஊத்தாமயா போயிருவாருன்னு எங்கம்மாகிட்டச் சொன்னேன்” என்றாள். அதோடு நிறுத்தாமல், “ஆனா இனிமே எளுதறதுன்னா என்னக் கேட்டுட்டு எளுதுங்க” என்றாள்.

7

பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். போகும்வரை அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் இருந்த வரைக்கும் எந்தப் பேரை எழுதினாலும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதுவேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் தோட்டம் கைமாறியது. ரப்பர் விலை சரியில்லை என்று ஆட்களைப் பிரித்து வேறு வேறு தோட்டங்களுக்கு அனுப்பினார்கள். புதுத் துரை வந்து ஒரு மாதம் ஆகியிருக்கவில்லை. ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றோம், ஒரே அச்சில் அடித்த காகிதங்களில் அவர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளிக்கொண்டே இருந்தார். என் கைக்கு வந்ததை அந்த இடத்திலேயே எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். வெரி குட் என்று இருந்தது. எனக்கு முன்னால் நின்றவனுக்கும் அதுதான், பின்னால் நின்றவனுக்கும் அதுதான்.

ஊருக்கு அனுப்பவேண்டும் என்றுதான் உறை வாங்கினேன். பாவாயி காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

“இந்தத் தொரைக்கு உங்களத் தெரியுங்களா?”

“தெரியாது.”

“அப்ப அனுப்பாதீங்க. எங்கய்யன் ராவுத்தரக் கூட்டியாந்து இதுக்கும் ஒரு காயிதம் எளுதிக் கேப்பாரு. இவரு யாருன்னே தெரியாதுன்னு பதில் வந்துச்சுன்னா, இருக்கற குட்டும் போயிரும்.”

அனுப்பவில்லை. மாமனார் வருஷா வருஷம் பொங்கலுக்கு எழுதுகிறார். மழை, கிணறு, மாடு, யார் செத்தார் யார் பிறந்தார் எல்லாம் எழுதிவிட்டு, முடிவில் அந்தச் சொல் வந்ததா என்று ஒரு வரி. இன்னும் வரவில்லை என்று நானும் எழுதுகிறேன். பெட்டியில் இரண்டு காகிதமும் இருக்கின்றன. யாராவது கேட்டால் பழையதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். சரசுவின் மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டு நேற்று அனுப்பிவிட்டேன்.

மாமனார் எனக்கு எழுபத்தைந்து ரூபாய் தரவேண்டியிருக்கிறது.